மூன்றாவது வாக்கியம்

பிரசங்கம் இன்னும் முடிந்தபாடில்லை. முடிந்ததும் யோவன்னாளின் பேரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவள் வாசலோரத்துப் பாயை விட்டு எழுந்து, ஆண்கள் பாய்க்கும் பெண்கள் பாய்க்கும் நடுவே கிடக்கிற மணல் வழியில் நடந்து, ஒலிவபுரம் சபையார் அத்தனை பேரும் பார்க்க முன்னால் போய் நின்று மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். நான் பேய்க்குப் படைத்த சோற்றைத் தின்றேன். அது பாவம். இனித் தின்ன மாட்டேன். இவ்வளவுதான், ஒரு மூச்சுக்குக் காணாது. சொல்லிவிட்டால் ஒரு வருஷ விலக்கு அத்தோடு தீர்ந்தது. இன்றைக்கே, இதே பகலில், மற்றப் பெண்களோடு வரிசையில் போய் முழங்காலிட்டு அப்பத்தையும் பாத்திரத்தையும் வாங்கிக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் சபைப் புஸ்தகத்தில் பேரை அடித்துவிடுவார்கள், பிறகு சாகிற மட்டும் வாசலோரம்தான். உபதேசியார் ஞானக்கண் மூன்று நாளாக வீட்டு முற்றத்தில் வந்து நின்றுகொண்டு, 'எங்கே, இன்னொருக்கச் சொல்லு பாப்போம்' என்று சொல்லவைத்துக் கேட்டுவிட்டுத்தான் போனார். முதல் இரண்டையும் அவள் கடகடவென்று ஒப்பித்துவிடுவாள். மூன்றாவது வரும்போது தொண்டையில் என்னமோ வந்து அடைக்கும், இருமுவாள், 'தண்ணி குடிச்சிட்டு வாரேன்' என்று உள்ளே போய்விடுவாள். அவர் வெயிலில் நின்று நின்று பார்த்துவிட்டு, 'சரி, சபையில நிக்கும்போது தன்னால வந்துரும்' என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் பண்ணிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். வந்துருமா? வரணுமே. அவள் சேலைத்தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் உதட்டை மட்டும் அசைத்து, இனித் தின்ன மாட்டேன், இனித் தின்ன மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். உதடு என்னமோ அசையத்தான் செய்கிறது. பக்கத்தில், வேதத்துக்குப் புதிதாக வந்து இன்னும் ஞானஸ்நானம் வாங்காத ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கிடந்த குழந்தை கையை நீட்டி யோவன்னாளுடைய தொங்குகிற காதைப் பிடித்து இழுத்தது. இழுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

குருவானவர் மாசிலாமணி ஐயர் பிரசங்கத்தில் இப்போது ஒரு திராட்சத் தோட்டத்துக்குள் நுழைந்திருந்தார். போச்சு, இனி இந்தத் தோட்டத்தைச் சுற்றி வேலி அடைத்து, ரசம் பிழிகிற ஆலையை நாட்டி, கோபுரமும் கட்டி முடித்துத்தான் வெளியே வருவார். ஓலைக்கூரைக்குக் கீழே இருக்கிற இத்தனை பேரில் ஒருத்தராவது திராட்சையைக் கண்ணால் கண்டதுண்டா என்றால் கிடையாது. பனங்காட்டில் எந்தத் திராட்சை? ஆனால் அதன் ரசம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நாக்கில் ஒரு சொட்டு, லேசான புளிப்பு, கொஞ்சம் காந்தல், தொண்டை தாண்டிப் போனதும் நெஞ்சுக்குழியில் ஒரு சூடு. காலையில் பத்து மணிக்குக் கொடுக்கிறதுக்கு இராப்போசனம் என்று பேர். தங்கச்சி பேச்சி அதைக் கேட்டுவிட்டு, 'அதென்ன யக்கா, ஒங்க சாமிக்கு ராவுக்கும் பகலுக்கும் வித்தியாசம் தெரியாதா' என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். அப்பமோ அதைவிட மோசம், டவுனிலிருந்து துணியில் சுற்றி வருகிற கோதுமை ரொட்டி, நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு, உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. ருசிக்காகவா ஏங்குகிறாள்? முழங்காலிடுகிறதுக்கென்று மேசைக்கு முன்னால் ஒரு பலகை போட்டிருக்கும். அதில் இடமும் வலமும் தோள் இடிக்க, யார் வீட்டுக்காரி பக்கத்தில் இருக்கிறாள் என்று பார்க்காமல், கண்ணை மூடிக் கையை ஏந்திக்கொண்டு இருக்கிற அந்தச் செத்த நேரம். ஐயருடைய விரல் உள்ளங்கையில் பட்டு எடுக்கிற அந்த ஒரு கணம். உனக்கும் உண்டு என்று சொல்கிறது மாதிரி இருக்கும். பதினாறு வருஷமாகப் பிள்ளை இல்லாத வயிறு அவளுக்கு. கல்யாண வீட்டில் தாம்பாளத்தைத் தொடப்போனால் யாராவது ஒருத்தி நைசாக வாங்கிக்கொள்வாள். தொட்டில் கட்டுகிற வீட்டுக்கு அவளாகவே போகமாட்டாள். இந்தப் பலகையில் மட்டும்தான் ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னே இந்த ஊர் மொத்தமாக வேதத்துக்கு வந்தபோது, எல்லாரும் என்னென்னவோ காரணம் சொன்னார்கள், வரி என்றார்கள், பள்ளிக்கூடம் என்றார்கள். இசக்கியாக இருந்தவள் யோவன்னாளாக ஆனதற்கு அவளிடம் கேட்டால் இந்தப் பலகையைத்தான் சொல்வாள். கேட்கத்தான் ஆளில்லை. இந்த ஒரு வருஷத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. மாசத்தில் முதல் ஞாயிறு, புருஷன் வேதமுத்து கோவில் முடிந்து வீட்டுக்கு வந்ததும், செம்பில் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவன் முகத்துக்குக் கிட்டே போய் நின்று மூச்சை இழுப்பாள். சில சமயம் அந்த வாசனை இருக்கும். சில சமயம் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்திருப்பான், அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கோபம் கோபமாக வரும். 'என்னத்துக்குச் சும்மா எரிஞ்சு விழுத' என்று அவன் கேட்பான். ஒன்றும் இல்லை என்பாள்.

ஒன்றும் இல்லையாம். எல்லாம் போன சித்திரைக் காய்ச்சலில் ஆரம்பித்தது. இருபது நாள், அடேயப்பா, என்ன காய்ச்சல். விட்ட பிறகும் நாக்கு செத்துப் போய்க் கிடந்தது. கஞ்சியை வாயில் விட்டால் மண்ணைக் கரைத்து விட்ட மாதிரி. கருப்பட்டியைக் கடித்தாலும் இனிப்பு இல்லை, உப்பை வைத்தாலும் கரிப்பு இல்லை. வேதமுத்து பனை ஏறிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, 'ரெண்டு வாய் குடி, ரெண்டே வாய்' என்று கெஞ்சுவான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். சாகத்தான் போகிறோம் என்று நினைத்திருந்தாள், அதில் பெரிய வருத்தமும் இல்லாமல் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. அந்த வியாழக்கிழமை மத்தியானம் முற்றத்தில் பேச்சியின் சத்தம் கேட்டது. 'யக்கா, எந்திரிளா, படுத்துக்கிட்டா கெடக்க.' பிறந்த ஊர் புன்னைவிளையில் செவ்வாய்க்கிழமை அம்மனுக்குக் கொடைத் திருவிழா, மறுநாள் மறுபூசை, அதற்கும் மறுநாள் இவள் ஒரு ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சுடுமணலில் ஆறு நாழிகை நடந்து வந்திருக்கிறாள். பெட்டிக்குள் படப்புச் சோறு, அம்மனுக்கு முன்னால் குவித்துப் படைத்ததில் அவள் வீட்டுப் பங்கு. வெந்தயம் போட்டு நன்றாகச் சுண்டவைத்து எடுத்து வந்திருந்தாள், கெடவில்லை. முருங்கைக்கீரை, கருவாடு, ஒரு அவித்த முட்டை. பேச்சி பாயில் உட்கார்ந்து, அக்காவின் முதுகைச் சுவரில் சாய்த்து, ஒரு கவளம் உருட்டி, 'ஆ காட்டு' என்றாள். சின்னப்பிள்ளையில் இவள்தான் பேச்சிக்கு ஊட்டியிருக்கிறாள், அம்மா செத்த பிறகு. 'ஆ காட்டு' என்றதும் வாய் தன்னால திறந்துவிட்டது. முதல் கவளம் மண். இரண்டாவது கவளத்தில் கருவாட்டு உப்பு எங்கேயோ தூரத்தில் தெரிந்தது. மூன்றாவதில் நாக்குக்கு உசிர் வந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, பேச்சியும் அழுதாள், அழுதுகொண்டே ஊட்டினாள், ஊட்டிக்கொண்டே, 'முட்டையப் பூராவும் நீயே தின்னுராத, மச்சானுக்கு வையி' என்றாள். வேதமுத்து வந்தான். பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், இருபது நாளைக்குப் பிறகு அவள் வாய் அசைவதைப் பார்த்தான். சப்பணம் போட்டு உட்கார்ந்து மீதிச் சோற்றைத் தின்றான், விரலை நக்கினான், பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த பருக்கையையும் எடுத்து வாயில் போட்டான். சபையில் பேய் என்கிற அம்மனுக்குப் படைத்தது என்று அப்போது யாருக்கு ஞாபகம் வந்தது? ஞாபகம் வந்திருந்தால் மட்டும் என்ன.

பிரசங்கத்துக் கதையில் குத்தகைக்காரர்கள் தோட்டத்துக்காரனுடைய மகனை இன்னும் வெளியே தள்ளிக் கொல்லவில்லை, ஐயர் அந்த இடத்துக்கு வர இன்னும் நேரம் இருக்கிறது. அவர் நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. அவர் கெட்டவராக இருந்தால் இவளுக்கு இவ்வளவு கஷ்டம் கிடையாது. இராப்போசனத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், அப்பம் வாங்கப் போகிறவர்கள் அவர் வீட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும் என்பது சபை ஒழுங்கு. உபதேசியார் பேரை எழுதுவார், ஐயர் ஒவ்வொருத்தரையும் பார்த்து, மனசில் தடை ஏதும் உண்டா என்று கேட்பார், இல்லை என்றால் போகலாம். காய்ச்சலில் கிடந்தவள் எழுந்து நடந்து வந்துவிட்டாள் என்று அன்றைக்கு எல்லாருக்கும் சந்தோஷம். ஐயரே எழுந்து வந்து, 'எப்படி அம்மா தேறினாய், ஜெபத்தில் உன்னை நினைத்துக்கொண்டே இருந்தோம்' என்றார். இந்த மட்டி, இந்த வாய் நீண்டவள், அவர் ஆசையாகக் கேட்கிறாரே என்று, 'எந்தங்கச்சி கொடைச்சோறு கொண்டாந்தா ஐயரே, அதத் தின்ன பொறவுதான் நாக்குக்கு உசிரு வந்துது, தோத்திரம்' என்று சொல்லிவிட்டாள். தோத்திரம் வேறு. உபதேசியாருடைய எழுத்தாணி ஓலையில் நின்றுவிட்டது. ஐயருடைய முகம் கோபமாக மாறவில்லை, வாடியது, அதுதான் தாங்க முடியவில்லை. 'விக்கிரகத்துக்குப் படைத்ததா?' 'ஆமா ஐயரே.' 'தெரிந்தே தின்றாயா?' அவள் யோசித்துப் பார்த்தாள். 'தெரியும். ஆனா அந்நேரம் தோணல.' ஐயர் உபதேசியாருடைய ஓலையைப் பார்த்தார். பிறகு, 'வேறே யாரும் தின்றார்களா?' என்றார். வேதமுத்து அவளுக்கு முன்னாலேயே பேர் கொடுத்துவிட்டு, தடை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் தெரிந்துபோகும். 'நானும் எந்தங்கச்சியுந்தான்' என்றாள். இப்படித்தான் அன்றைக்கு ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஒரு உண்மையும் ஒரு பொய்யும் சொன்னாள். உண்மைக்கு ஒரு வருஷம் கொடுத்தார்கள். பொய்யைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தப் பொய் அவளுக்கும் வேதமுத்துவுக்கும் நடுவில் ஒரு வருஷமாக அப்படியே கிடக்கிறது. அவன் மாசாமாசம் போய் முழங்காலிட்டு வாங்கிக்கொண்டு வருகிறான். அவன் வாங்கட்டும் என்றுதானே சொன்னாள், வீட்டில் ஒருத்தராவது வாங்கட்டும் என்று. பிறகு ஏன் அவன் முதுகைப் பார்க்கிறபோதெல்லாம் நெஞ்சு இப்படி எரிகிறது? நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பக்கத்தில் இந்த வாசல் பாயில் வந்து உட்காரக் கூடாதா என்று கேட்க வேண்டும் போல இருக்கும். கேட்டதில்லை.

விலக்கு என்றால் சும்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறது மட்டும் அல்ல. பிரசங்கம் முடிந்ததும் உபதேசியார் எழுந்து, அப்பம் வாங்காதவர்கள் வெளியே போகலாம் என்று சொல்வார். ஞானஸ்நானம் வாங்காதவர்கள், பிள்ளைகள், அவள். கதவைச் சாத்திவிடுவார்கள். மற்றவர்கள் வீட்டைப் பார்த்துப் போய்விடுவார்கள், அவள் மட்டும் போகமாட்டாள். சுவருக்கு வெளிப்பக்கம், நிழல் கையளவு விழுகிற இடத்தில் ஒட்டி நிற்பாள். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும், அவளும் கூடவே மெதுவாகப் பாடுவாள், பாதிப் பாட்டில் காற்று அடித்தால் பனையோலைச் சத்தத்தில் அடி தவறிப்போகும். ஒருநாள் ஐயர் அவளைச் சமாதானப்படுத்துகிறதற்காக ஒரு பழங்கதை சொன்னார். ஆதியில், ரோமாபுரி ராசாக்கள் காலத்தில், அடிக்குப் பயந்து விக்கிரகத்துக்கு ஒரு சிட்டிகை தூபம் போட்டுவிட்டுப் பிறகு மனம் கசந்து திரும்பி வந்தவர்கள் உண்டாம். அவர்களைச் சபை உடனே சேர்த்துக்கொள்ளவில்லையாம். ஏழு வருஷம் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களைப் பார்த்து எங்களுக்காக ஜெபியுங்கள் என்று அழுதுகொண்டே இருந்தார்களாம். சந்தையில் விற்கிற படையல் கறியைத் தின்னலாமா கூடாதா என்று அந்தச் சபையாருக்குள்ளேயே அப்போது பெரிய சண்டை நடந்ததாம். 'பார்த்தாயா, அவர்களுக்கு ஏழு வருஷம், உனக்கு ஒரே வருஷம்' என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார், அவளுக்கு அது வேறே மாதிரி வந்து பிடித்துக்கொண்டது. அதிலிருந்து சுவரோரம் நிற்கும்போதெல்லாம் அந்த ஏழு வருஷத்துக்காரி ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாள். எந்த ஊர்க்காரியோ, என்ன பேரோ. அவளுக்குக் கால் கடுக்காதா? ஏழு வருஷம் என்றால் வீட்டில் யார் சோறு பொங்கினார்கள்? உள்ளே போகிறவர்களில் அவளுடைய புருஷனும் உண்டா? உள்ளே போகும்போது அவன் இவளைப் பார்ப்பானா, இல்லை மேகத்தைப் பார்த்துக்கொண்டு போவானா? அவள் போட்ட ஒரு சிட்டிகை தூபம் யாருக்காகப் போட்டது, தனக்காகவா, மடியில் கிடந்த பிள்ளைக்காகவா? இதையெல்லாம் யாராவது கேட்டு எழுதிவைத்தார்களா என்று ஐயரிடம் கேட்க நினைத்தாள். ஏழாவது வருஷ முடிவில் கையில் அப்பம் விழுந்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே இவளுக்குக் கண் நிறைந்துவிடும். அவளும் மூன்று வாக்கியம் சொல்லியிருப்பாளோ? சொல்லியிருப்பாள். தூபத்தை விட்டுவிடுகிறது லேசு. தூபம் யாருக்கும் தங்கச்சி இல்லையே.

அங்கேதான் வந்து இடிக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை புன்னைவிளையில் கொடை. வியாழக்கிழமை பேச்சி வருவாள். வராமல் இருக்கமாட்டாள், காய்ச்சலில் கிடந்தாலும் வருவாள். ஐயர் சொன்னார், 'உன் தங்கை வரக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லையே அம்மா, வரட்டும், இருக்கட்டும், சாதாரணச் சோறு கொண்டுவரட்டும், யார் தடுத்தார்கள்?' அவருக்கு எப்படித் தெரியும். பேச்சி வீட்டில் நெல்லுச்சோறு பொங்குகிறது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் கூழும் பனங்கிழங்கும். பேச்சிக்கு அடுப்பை விட்டு நகர முடிகிறதும் கொடை முடிந்த அந்த ஒரு நாள்தான், மறுநாளே பதனீர் காய்ச்ச உட்கார வேண்டும், ஒரு நாள் விட்டால் புளித்துப்போகும். ஆக அவள் கொண்டுவரக்கூடிய நல்ல சோறு ஒன்றே ஒன்று, வரக்கூடிய நாள் ஒன்றே ஒன்று. இரண்டின் மேலும் அம்மன் உட்கார்ந்திருக்கிறாள், என்ன செய்ய? போன வருஷம் நடந்தது பேச்சிக்குத் தெரியாது. தெரிந்தால் செத்துப்போவாள். வியாழக்கிழமை முற்றத்தில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆ காட்டு யக்கா என்பாள். அப்போது என்ன சொல்கிறது? வயிறு சரியில்லை என்று சொல்லலாம், இந்த வருஷம் சொல்லலாம், அடுத்த வருஷமும் வயிறு சரியில்லையா? 'ஏட்டி பேச்சி, நீ கொண்டாந்தது பேய்ச்சோறு, எடுத்துக்கிட்டுப் போ' என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தாள், மனசுக்குள்ளேதான், பேச்சியுடைய முகம் எப்படிப் போகும் என்று பார்த்தாள். பேச்சி சண்டை போடமாட்டாள். ஒன்றுமே சொல்லாமல் பெட்டியைத் திரும்பத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த மணலில், அந்த வெயிலில், திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். இன்னொரு வழியும் உண்டு, உபதேசியாரே ஜாடையாகச் சொல்லிவிட்டுப் போன வழி. இன்றைக்கு அந்த மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வியாழக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு தின்றால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? வேதமுத்து அப்படித்தானே. ஆனால் அந்த வாயோடு முழங்காலிட்டு அந்தக் கையை எப்படி ஏந்துகிறது? தனக்கு அது வராது. அது வருகிற பிறவியாக இருந்தால் அன்றைக்கே தடை இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருப்பாளே. குழந்தை காதை விட்டுவிட்டுத் தூங்கிப்போயிருந்தது. அதன் வாயோரத்தில் பால் காய்ந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆமென் என்று எல்லாரும் சொன்னது காதில் விழுந்தபோது திடுக்கிட்டாள். பிரசங்கம் முடிந்துவிட்டிருந்தது.

'யோவன்னாள், முன்னே வா அம்மா' என்றார் ஐயர். எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு நடந்தாள். மணல் வழி இவ்வளவு நீளமாக ஒருநாளும் இருந்ததில்லை. வலதுபக்கம் மூன்றாவது வரிசையில் வேதமுத்துவின் தலை குனிந்திருந்தது, அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டினாள். மேசையில் வெள்ளைத்துணி மூடியிருந்தது. துணிக்குக் கீழே அப்பம் இருக்கிற இடம் மேடாகத் தெரிந்தது. அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது, அடக்க முடியவில்லை, விழுங்கினாள். 'நீ செய்ததைச் சபைக்கு முன்பாகச் சொல்' என்றார் ஐயர். 'தின்னேன் ஐயரே' என்றாள். உபதேசியார் பக்கத்திலிருந்து தாழ்ந்த குரலில், 'பேய்க்குப் படைச்ச' என்று எடுத்துக்கொடுத்தார். அவள் அவரைப் பார்த்தாள், ஐயரைப் பார்த்தாள். 'எந்தங்கச்சி கொண்டாந்த படப்புச் சோத்தத் தின்னேன்' என்றாள். 'அது பாவம் என்று அறிந்துகொண்டாயா?' 'பாவம்னு நீங்க சொன்னிய. ஒங்க வாயால சொன்னதுனால ஒத்துக்கிட்டேன்.' பெண்கள் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டார்கள். 'இனி?' என்றார் ஐயர். இருமினாள். தண்ணீர் குடிக்க உள்ளே போக இங்கே வீடு இல்லை. உபதேசியார் உதட்டை அசைத்துக் காட்டுவது தெரிந்தது, இனித் தின்ன மாட்டேன், இனித் தின்ன மாட்டேன். அவள் வாயைத் திறந்தாள். 'வார வியாழக்கிழமை அவ வருவா ஐயரே' என்றாள். சொன்ன பிறகுதான் அது மூன்றாவது வாக்கியம் அல்ல என்று அவளுக்கே தெரிந்தது. ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்த முடியாது. 'சோறு கொண்டாருவா. அவ ஊட்டுனா நான் தின்பேன். இங்க நின்னு மாட்டேன்னு சொல்லிட்டு அங்க போயித் தின்னா அது ஒங்களுக்கும் அவமானம், கர்த்தருக்கும் அவமானம். எனக்கு அந்தப் பேயி வேண்டாம் ஐயரே, அத நான் கும்பிட்டு வருசம் பத்தாச்சு. எந்தங்கச்சி வேணும். இந்த அப்பமும் வேணும். ஒரு வருசமா வெளிய நின்னுக்கிட்டு வேணும் வேணும்னு ஏங்கிக் கெடக்கேன், ஒங்களுக்குத் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது. ஒண்ண விட்டாத்தான் இன்னொண்ணுன்னா நான் எத விட? எனக்குச் சொல்லத் தெரியல.' குரல் உடைந்துவிட்டது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

உபதேசியார் புஸ்தகத்தைத் திறந்து எழுதுகோலைக் கையில் எடுத்துவிட்டார். ஐயர் அவர் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார். அவருடைய நரைத்த தாடி லேசாக அசைந்தது. ஓலைக்கூரையில் ஒரு அணில் ஓடியது. 'உட்கார் அம்மா' என்றார் கடைசியில். எங்கே என்று சொல்லவில்லை. வாசலோரத்துக்கா, பெண்கள் பாய்க்கா? அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே, மேசைக்கு நாலு முழம் தள்ளி, நடு மணலில் உட்கார்ந்துவிட்டாள். உபதேசியார் எழுந்து, அப்பம் வாங்காதவர்கள் வெளியே போகலாம் என்று வழக்கம்போலச் சொன்னார், சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார். ஐயர் ஒருத்தரையும் பார்க்காமல் மேசைப்பக்கம் திரும்பித் துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போனார்கள், குழந்தைக்காரி போனாள், கதவைச் சாத்தினார்கள். அவள் போகவில்லை, அவளைப் போ என்று ஒருத்தரும் சொல்லவும் இல்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு உள்ளே இருந்துகொண்டு அந்த ஜெபத்தைக் கேட்டாள், ஒரு எழுத்துத் தவறாமல் கேட்டாள். ஐயர் அப்பத்தைக் கையில் எடுத்துப் பிட்டார். அது பிய்கிற சத்தம் அவ்வளவு சின்னது என்று அவளுக்கு இதுநாள்வரை தெரியாது. ஆண்கள் வரிசை எழுந்தது. முதல் வரிசை போய் வாங்கிக்கொண்டு வந்தது, இரண்டாவது போனது, அவளை விட்டு விலகிக்கொண்டு காலை எட்டி வைத்துப் போனார்கள். மூன்றாவது வரிசை எழுந்தபோது வேதமுத்து எழவில்லை. பக்கத்திலிருந்தவர் தோளைத் தொட்டு, 'என்னவே, எந்திரியும்' என்றார். அவன் தலையை ஆட்டினான். அவர் மறுபடியும் தொட்டார். 'நான் வாங்கக் கூடாது அண்ணாச்சி. நானும்தான் தின்னேன்' என்றான். மெதுவாகத்தான் சொன்னான், கோவில் முழுக்கக் கேட்டது. அவளுக்கு, போயித் தொலையுங்களேன், வீட்டில் ஒருத்தராவது வாங்க வேண்டாமா, இதற்காகவா நான் ஒரு வருஷம் வெயிலில் நின்றேன் என்று ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்துக்குள்ளேயே, எங்கேயிருந்து என்று தெரியவில்லை, ஒரு சந்தோஷமும் வந்து நெஞ்சை முட்டியது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். பெண்கள் எழுந்து அவளைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் பலகைக்குப் போனார்கள். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் யாருமே அப்பம் வாங்கவில்லை.